கவர்ச்சியான கேம் நாயகி பெண்ணியப் பாத்திரமாக இருக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் எப்படியும் இந்தப் பேச்சு வந்துவிடும். உடம்பை ஒட்டிய உடை, குதிகால் உயர்ந்த செருப்போடு வாள்வீச்சு, நடக்கும்போதெல்லாம் இடுப்பைத் தேடிப் போகும் கேமரா. ஆனால் கதையின் தலைவியும் அவள்தான், யாருக்கும் அஞ்சாதவளும் அவள்தான். இவளைக் கொண்டாடுவதா, இவளை உருவாக்கியவர்கள் மேல் கோபப்படுவதா? பள்ளிக்கூட நாட்களில் ‘டூம்ப் ரெய்டர்’ கேமின் நாயகி லாரா கிராஃப்ட்டோடு கேம் ஆடத் தொடங்கியவள் நான். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. மற்றவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நானே கேட்டுக்கொண்டவற்றையும் பதிலோடு இங்கே வைக்கிறேன். சில கேம்களின் கதைத் திருப்பங்கள் வெளிப்படும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். முடியுமா, முடியாதா?

முடியும். ஆனால் அந்தப் பாத்திரத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு முத்திரை குத்த முடியாது. கேமரா அவளை எங்கிருந்து பார்க்கிறது, ஆட்டத்தில் அவள் உடம்புக்கு என்ன வேலை, அவள் நினைப்பதும் விரும்புவதும் கதையில் எதையாவது மாற்றுகிறதா, அவளைத் தவிர வேறு பெண்கள் அங்கே இருக்கிறார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். உடையை முழம் போட்டு அளந்து தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இரண்டு தரப்பிலும் இருக்கிறது. அது இரண்டு தரப்பையும் தப்பான இடத்துக்கே கொண்டுபோகிறது.

அழகாக இருப்பதே குற்றமா? ‘கவர்ச்சி’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

அழகும் குற்றமில்லை, காமமும் குற்றமில்லை. குழப்பம் எங்கே வருகிறது என்றால், தமிழில் இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் அடைபட்டுக் கிடக்கின்றன. கவர்ச்சியானவள் என்றால் ஈர்ப்புள்ளவள் என்றும் கொள்ளலாம், பிறர் பார்ப்பதற்காகவே உடம்பைக் காட்டும்படி அமைக்கப்பட்டவள் என்றும் கொள்ளலாம். வேர்ச்சொல்லைப் பாருங்கள். ஆநிரை கவர்தல் என்றால் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போவது. கவர்தல் என்பது எடுத்துக்கொள்ளுதல். அப்படியானால் இங்கே எடுத்துக்கொள்பவர் யார், எடுத்துக்கொள்ளப்படுவது யார்? தன் ஈர்ப்பை அவள் கையில் வைத்திருக்கிறாளா, அல்லது அவள் உடம்பைப் பகுதி பகுதியாக நம் முன்னால் யாரோ பரப்பி வைக்கிறார்களா?

தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் 1995இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல கைவிளக்கு. ஒரு மனிதரைப் பொருளாக நடத்துவதில் ஏழு கூறுகளை அவர் பிரித்துக் காட்டினார். கருவியாகப் பயன்படுத்துவது, தானாக முடிவெடுக்கும் உரிமையை மறுப்பது, செயலற்றவராகக் கருதுவது, இவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று மாற்றிக்கொள்வது, வரம்பு மீறித் தொடலாம் உடைக்கலாம் என்று நினைப்பது, உடைமையாக்குவது, உள்ளே ஓடும் உணர்வைக் கணக்கில் எடுக்காதது. இந்த ஏழில் ஒன்றுகூட உடையின் நீளத்தைப் பற்றியதல்ல. எல்லாச் சூழலிலும் இவை தீங்குதான் என்றும் அவர் சொல்லவில்லை. சூழலைப் பார்க்கச் சொன்னார்.

‘மாற்றிக்கொள்வது’ என்பதற்கு கேம் உலகில் கண்ணெதிரே ஓர் உதாரணம் இருக்கிறது. 1996இல் தொடங்கிய ‘டெட் ஆர் அலைவ்’ ஒரு சண்டை கேம். அதில் வரும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கதை, தனிச் சண்டை முறை உண்டு. 2003இல் அதே பெண்களை ஒரு தீவுக்குக் கூட்டிப்போய், நீச்சல் உடையில் கைப்பந்து ஆடவிட்டு ஒரு கிளை கேம் வெளியிட்டார்கள். ஒருத்தி பழிவாங்க வந்தவள், ஒருத்தி குலத்தைவிட்டு ஓடிவந்தவள் என்ற வேறுபாடெல்லாம் அந்தக் கடற்கரையில் கரைந்துபோனது. எனக்கு நீச்சல் உடை பிரச்சினையே இல்லை. இவளுக்குப் பதில் அவளை வைத்தாலும் எதுவும் மாறாது என்ற நிலைதான் பிரச்சினை.

பெண்ணியம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒரே குரலில் எதுவும் சொல்லவில்லை. பாலுறவுச் சித்திரிப்பு பெண்ணை அடக்கும் கருவியா, பெண் தன் இன்பத்தைப் பேசுவதற்கான வெளியா என்பதில் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் 1970களின் கடைசியிலிருந்து கடுமையாக மோதிக்கொண்டார்கள். 1982இல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் நடந்த மாநாட்டின் வாசலில் பெண்ணியவாதிகளுக்கு எதிராகப் பெண்ணியவாதிகளே நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கேம் நாயகிகளைப் பற்றி இன்று நாம் போடும் சண்டை பெரும்பாலும் அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான். அதனால் ‘பெண்ணியவாதிகள் எல்லோரும் இதை வெறுக்கிறார்கள்’ என்று யாராவது சொன்னால் எந்தப் பெண்ணியவாதி என்று திருப்பிக் கேளுங்கள்.

‘ஆண் பார்வை’ என்கிறார்களே, கேமில் அது எப்படி வேலை செய்கிறது?

திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் சினிமாவைப் பற்றி எழுதிய கட்டுரையில் வந்த கருத்து இது. கேமராவும் கதைக்குள் இருக்கும் ஆணும் பார்வையாளரும் ஒரே திசையில் பெண்ணைப் பார்க்கிறார்கள். ஆண் செயல்படுகிறான், பெண் பார்க்கப்படுகிறாள். சுருக்கமாக அவ்வளவுதான்.

கேமுக்கு வரும்போது இதில் ஒரு முடிச்சு விழுகிறது. இங்கே செயல்படுவதும் அவளே, பார்க்கப்படுவதும் அவளே. நான் கன்ட்ரோலரைப் பிடித்ததும் அவள் ஓட்டம் என் ஓட்டம், அவள் விழுந்தால் நான் விழுகிறேன். அதே நேரம் அவள் முதுகுக்குப் பின்னால் மிதக்கும் கேமராவும் என் வலது கட்டைவிரலில் இருக்கிறது. அவளாக இருப்பதும் அவளைப் பார்ப்பதும் ஒரே கையில் நடக்கிற கலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் சினிமாவுக்கான அளவுகோலை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்க முடிவதில்லை.

ஆனால் கேமரா எப்போதும் நம் கையில் இருப்பதில்லை. கதைக் காட்சிகள் ஓடும்போது உருவாக்கியவர்கள் அதை வாங்கிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அது எங்கே போகிறது என்பதை வைத்து நிறையச் சொல்லிவிடலாம். 2010இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 2’ கேமில் மிராண்டா என்றொரு பாத்திரம். தன் தங்கையைப் பற்றி மனம்விட்டுப் பேசுகிறாள். அந்த நேரத்திலும் கேமரா அவள் பின்புறத்தில் போய் உட்காருகிறது. அவள் சொல்வதைக் கேட்கவிடாமல் செய்வது அவள் உடை இல்லை, அந்தக் கோணம்தான். 2021இல், இதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் மூன்று பாகங்களையும் புதுப்பித்து வெளியிட்டபோது அந்தக் கோணங்களில் சிலவற்றை மாற்றியது. மிராண்டா அதே உடையில்தான் இருக்கிறாள். காட்சி சரியாகிவிட்டது.

‘நியர் ஆட்டோமேட்டா’ இன்னும் சிக்கலான உதாரணம். 2017இல் வந்தது. அதன் நாயகி 2பி கண்ணைக் கட்டிய, கறுப்புக் கவுன் போட்ட ஓர் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ இயந்திரம். ஆடுபவர் கேமராவைத் தாழ்த்தி அவள் பாவாடைக்குக் கீழே எட்டிப் பார்க்க முயன்றால், அவள் அதை உணர்ந்து விலகுகிறாள். பார்க்கப்படுபவள் ‘நீ பார்ப்பது எனக்குத் தெரிகிறது’ என்று சொல்லும் அந்த ஒரு நொடி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதையே பத்து முறை செய்தால் கேம் ஒரு பரிசுக் கோப்பையும் தருகிறது! ‘என்ன செய்கிறாய்?’ என்பது அதன் பெயர். கண்டிப்பும் பரிசும் ஒரே கையிலிருந்து வருகின்றன. இதை இயக்கிய யோகோ தாரோ தனக்குப் பெண்களைப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். உயர்ந்த காரணம் எதையும் ஜோடித்துச் சொல்லாத அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் நேர்மை மட்டுமே ஒரு கேமைப் பெண்ணியப் படைப்பாக்கிவிடாது.

அவளே விரும்பித்தானே அப்படி உடுத்துகிறாள்? அது அவள் உரிமை இல்லையா?

உயிருள்ள ஒரு பெண்ணைப் பற்றி இப்படிச் சொன்னால் முழுக்கச் சரி. ஆனால் கேம் பாத்திரம் காலையில் எழுந்து அலமாரியைத் திறப்பதில்லை. அவள் விருப்பத்தையும் யாரோ எழுதித்தான் தருகிறார்கள். ஆகவே இந்த வாதத்தை அவளிடமிருந்து எடுத்து எழுதியவரிடம் வைக்க வேண்டும்: இப்படி விரும்பும் ஒருத்தியை ஏன் உருவாக்கினீர்கள், அந்த விருப்பம் அவள் குணத்தில் வேறெங்காவது தெரிகிறதா?

2015இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5’ கேமின் குவையட்டைப் பாருங்கள். குறிதவறாத துப்பாக்கி வீராங்கனை. போர்க்களத்தில் பிகினி மேலாடையும் கிழிந்த காலுறையுமாக நிற்பாள். 2013இலேயே எதிர்ப்பு எழுந்தபோது, அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்ற ரகசியம் தெரிந்தால் பேசியதற்கு நீங்களே வெட்கப்படுவீர்கள் என்று கேமை இயக்கிய ஹிடியோ கோஜிமா பதில் சொன்னார். கடைசியில் தெரிந்த ரகசியம்: உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியால் அவள் தோல் வழியாக மூச்சுவிடுகிறாள், உடை போட்டால் மூச்சுத் திணறும். அவள் விருப்பமே இதில் இல்லை, கதையே அவள் உடையைப் பறித்துவிட்டது. கிட்டத்தட்ட முழுக் கதையிலும் அவள் பேசுவதுமில்லை. மழையில் அவள் துள்ளி ஆடும்போது கேமரா மட்டும் நிறையப் பேசுகிறது. கதைக்குள் காரணம் கண்டுபிடித்துத் தருவது பதிலாகாது. முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தைத்தது தெரிகிறது.

அப்போ பயோனெட்டா? எல்லோரும் அவளைத்தானே சொல்கிறார்கள்?

ஆமாம், இந்த வாதத்தின் நட்டநடுவில் நிற்பவள் அவள்தான். கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

அவள் பெயரிலேயே 2009இல் பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கி சேகா வெளியிட்ட கேம் இது. இயக்கியவர் ஹிடெகி காமியா. பாத்திரத்தை வரைந்தவர் மாரி ஷிமாசாகி என்ற பெண் ஓவியர். நாயகி ஒரு சூனியக்காரி. மூக்குக்கண்ணாடி, நம்ப முடியாத அளவுக்கு நீண்ட கால்கள், கையில் இரண்டு துப்பாக்கி, குதிகாலில் இரண்டு துப்பாக்கி. வானத்திலிருந்து வரும் தேவதூதர்களை அடித்து நொறுக்குவதுதான் அவள் வேலை. அவள் போட்டிருக்கும் கறுப்பு உடை துணியில்லை, அவள் தலைமுடி! பெரிய தாக்குதலுக்கு அந்த முடியைக் கொண்டே அரக்கர்களை வரவழைக்கிறாள். அடி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு உடம்பின் மேல் முடி குறைகிறது.

இதைக் கேட்டதும் ‘உடையைக் கழற்ற நல்ல சாக்கு’ என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆடிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. மற்ற கேம்களில் பெண்ணின் உடம்பு வெளிப்படும்போது அவள் பலவீனப்படுகிறாள். உடை கிழியும், காயம் படும், முனகுவாள். இங்கே அவள் மிகப் பலமாக இருக்கும் நொடியில்தான் உடம்பு வெளிப்படுகிறது. அந்த நொடியில் எதிரியாக இருப்பவருக்கு ரசிக்கும் நிலைமை கிடையாது. அவள் வெட்கப்படுவதில்லை, அதற்காகக் கதை அவளைத் தண்டிப்பதுமில்லை. பின்னாலேயே சுற்றும் லூக்கா என்ற பத்திரிகையாளனை அவள் சீண்டி விளையாடுகிறாள். பார்வையை யார் யார்மேல் வைத்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே வராது. கதையின் உயிர் இரண்டு பெண்களிடம் இருக்கிறது. ஒருத்தி ழான், பழைய தோழியும் எதிரியும். இன்னொருத்தி செரேசா, பயோனெட்டாவை அம்மா என்று கூப்பிட்டபடி கூடவே வரும் சின்னப் பெண். அந்தக் குழந்தை பயோனெட்டாவேதான், அவளுடைய சின்ன வயது. நினைவை இழந்த ஒருத்தி தன் குழந்தைப் பருவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதும், ‘அழாதே’ என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதும் எந்த ஆண் பார்வைக்காகவும் எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, மறுபக்கம். கதைக் காட்சிகளில் கேமரா அவள் கால்களுக்கு நடுவே புகுந்து போகிறது, பின்புறத்தில் நின்றுவிடுகிறது. அதை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. விளம்பரம் அதைவிட மோசம். கேம் வெளியான சமயத்தில் டோக்கியோவின் ஷின்ஜூகு ரயில் நிலையத்தில் அவள் உருவத்தைப் பெரிதாக ஒட்டி, அதன்மேல் துண்டுச் சீட்டுகளால் மூடி வைத்தார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் ஒவ்வொரு சீட்டாகப் பிய்க்கப் பிய்க்க அவள் உடம்பு தெரியும். கேமுக்குள் தன் உடையை எப்போது விலக்குவது என்பது அவள் போர்த்தந்திரம். சுவரில் அது போகிறவர் கையில் கிடைத்த விளையாட்டு. ஒரே பெண், ஒரே உடம்பு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்தப் பக்கம் முழுவதிலும் நான் பேசிக்கொண்டிருப்பது.

என் முடிவு என்ன என்று கேட்டால், பயோனெட்டா பெண்ணியப் பாத்திரம் என்பேன். அவளைச் சுற்றியிருக்கும் கேமரா பாதி நேரம் அப்படி இல்லை என்றும் சேர்த்துச் சொல்வேன். 2022இல் வந்த மூன்றாம் பாகத்தில், உடம்பு தெரியும் காட்சிகளை மூடிக் காட்டும் அமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். அதைப் போட்டு ஆடினாலும் அவள் நடையும் திமிரும் கொஞ்சமும் குறையாது.

பெண் ஓவியர் வரைந்ததால் பெண்ணியமாகிவிடுமா?

இல்லை. ஆண் வரைந்ததால் ஆகாமலும் போகாது. ஆனால் அறையில் பெண்கள் இருந்தால் சில கேள்விகள் முன்கூட்டியே எழும், அது உண்மை.

லாரா கிராஃப்ட்டை எந்தப் பக்கம் வைப்பது?

என் முதல் காதல் என்பதால் இதில் நான் நடுநிலையாக இல்லை. 1996இல் இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் இருந்த கோர் டிசைன் என்ற சிறிய நிறுவனத்திலிருந்து ‘டூம்ப் ரெய்டர்’ வந்தது. நாயகியை உருவாக்கிய டோபி கார்டு முதலில் யோசித்தது ஓர் ஆண் பாத்திரத்தை. பிறகு அது லாரா குரூஸ் ஆகி, கடைசியில் லாரா கிராஃப்ட் ஆனது. படித்தவள், பணக்காரி, தனியாகக் குகைக்குள் இறங்குகிறவள். காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள், தேவையும் இல்லை. அரைக்கால் சட்டையும் மார்பளவும் எனக்குக் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் அந்த வயதில் எனக்குள் தங்கியது, அந்தப் பாழடைந்த கோவிலின் நிசப்தத்தில் அவள் காலடி ஓசை மட்டும் கேட்ட அனுபவம்தான்.

வெளியே நடந்தது வேறு. கேம் வெற்றி பெற்றதும் விளம்பரக்காரர்கள் அவளைக் கையில் எடுத்தார்கள். பத்திரிகை அட்டை, குளிர்பான விளம்பரம், அவளைப் போல உடுத்திய மாடல்கள். ரசிகர்கள் அவள் உடையை நீக்கும் மென்பொருளைப் பரப்பினார்கள். டோபி கார்டு 1997இல் நிறுவனத்தைவிட்டு விலகினார். தன் பாத்திரம் விற்கப்பட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. கேமுக்குள் யாருடைய துணையும் இல்லாமல் நின்றவள், வெளியே வந்ததும் எல்லோருக்கும் சொந்தமானாள்.

அப்புறம் 2013இல் லாரா புதிதாகப் பிறந்தாள். முழுக்கால் சட்டை, நம்பக்கூடிய உடம்பு, கதை எழுதியவர்களில் முதன்மையானவர் ரியானா பிராட்செட் என்ற பெண். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் இந்த லாரா ஓயாமல் அடிபடுகிறாள். கம்பி குத்துகிறது, கழுத்து நெரிபடுகிறது, ஒவ்வொரு முறையும் வலியில் கத்துகிறாள். கேம் வருவதற்கு முந்தைய ஆண்டு அதன் தயாரிப்பாளர் ஒருவர், ஆடுபவர்கள் அவளைக் காப்பாற்ற நினைப்பார்கள் என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். 1996 லாராவைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவளாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

அப்படியானால் உடையை மூடினால் மட்டும் போதாது என்கிறீர்களா?

போதாது. 1986இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்டு’ கேமில் சாமஸ் ஆரன் தலை முதல் கால் வரை கவசத்தில் இருக்கிறாள். கேமை முடித்த பிறகுதான் உள்ளே இருப்பது பெண் என்றே தெரியும். எத்தனையோ பேரை வியக்கவைத்த திருப்பம் அது, இன்றும் கொண்டாடப்பட வேண்டியது. ஆனால் கேமை எவ்வளவு வேகமாக முடிக்கிறீர்களோ அவ்வளவு உடை குறைந்து அவள் தோன்றுவாள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. முழுக் கேமிலும் மூடியிருந்த உடம்பு கடைசியில் திறமைக்குப் பரிசாகத் தரப்படுகிறது. பயோனெட்டாவில் உடம்பு அவளுடைய ஆயுதம், இங்கே அது ஆடுபவருக்குப் பதக்கம். எது அதிகத் துணி என்று கேட்டால் சாமஸ்தான் ஜெயிப்பாள்.

மூடிய உடை அமைதியையும் தரவில்லை. 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ கேமின் ஆபிக்குப் புடைத்த தோள், தடித்த கை. அவள் பெண் மாதிரியே இல்லை என்று ஒரு கூட்டம் கொதித்தது. அவளுக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. காட்டினாலும் கோபம், காட்டாவிட்டாலும் கோபம்.

ஆண் பாத்திரங்களும்தான் சட்டையில்லாமல் தசையைக் காட்டுகிறார்கள். அது மட்டும் சரியா?

அந்தத் தசை யாருக்காக என்று பாருங்கள். மலை போன்ற மார்போடு கோடரி வீசும் வீரன், பெரும்பாலும் ஆடும் ஆண் தானே அப்படி ஆக வேண்டும் என்று கனவு காண்பதற்காக வரையப்பட்டவன். கேமரா அவன் இடுப்பில் நிற்பதில்லை, அவன் பேசும்போது முகத்தில்தான் இருக்கிறது. ஒரே இரும்புக் கவசத்தை ஆண் பாத்திரம் போட்டால் வயிற்றை மூடும், பெண் பாத்திரம் போட்டால் தொப்புள் தெரியும். பல கேம்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

விதிவிலக்கு உண்டு. 2015இன் ‘விட்சர் 3’ கேமில் நாயகன் கெரால்ட் மரத்தொட்டியில் கால் நீட்டிக் குளிக்கும் காட்சி பார்ப்பவருக்காகவே வைத்தது. கிரேக்கப் புராணத்தை வைத்து 2020இல் வந்த ‘ஹேடீஸ்’ இன்னும் ஒருபடி மேல். ஆண் தெய்வங்கள், பெண் தெய்வங்கள் எல்லோரும் சமமாக மயக்குகிறார்கள், எல்லோருக்கும் தனித்தனி மனசும் கோபமும் இருக்கின்றன. யாரும் அங்கே தனியாகப் பார்வைக்கு நிறுத்தப்படவில்லை. கவர்ச்சி இருந்தும் எனக்குக் கூசாத கேம் அது.

விமர்சிப்பது தணிக்கை ஆகாதா?

ஆகாது. தடை செய்ய அதிகாரம் உள்ளவர் தடுத்தால் தணிக்கை. ஆடியவர் ஒருவர் ‘இது பொருந்தவில்லை’ என்றால் விமர்சனம். 2016இல் ‘ஓவர்வாட்ச்’ வெளியாகும் முன்பு, டிரேசர் என்ற பாத்திரம் பின்புறத்தைக் காட்டித் திரும்பிப் பார்க்கும் ஒரு வெற்றிப் போஸ் பற்றி ஒருவர் எழுதினார். அவர் கவர்ச்சியே கூடாது என்று கேட்கவில்லை. அதே கேமில் கவர்ச்சியே குணமாக உள்ள இன்னொரு பாத்திரத்துக்கு அது சரி, துறுதுறுவென்று திரியும் டிரேசருக்கு அது அவள் போஸ் இல்லை என்றார். பிளிஸார்ட் நிறுவனம் ஒப்புக்கொண்டு மாற்றியது. புதிய போஸும் பழைய காலக் கவர்ச்சி ஓவியங்களின் சாயல்தான், ஆனால் அதில் அவள் குறும்பு இருக்கிறது.

உண்மையில் வாயடைக்கப்பட்டவர்கள் மறுபக்கத்தில் இருந்தார்கள். கேம்களில் பெண் சித்திரிப்பைப் பற்றிக் காணொளித் தொடர் எடுக்க 2012இல் பொதுமக்களிடம் நிதி கேட்ட அனிதா சர்க்கீசியனுக்கு மிரட்டல்கள் குவிந்தன. 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்த கூட்டத்துக்குத் துப்பாக்கிச்சூட்டு மிரட்டல் வந்தது. உரிமம் உள்ளவர்கள் அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைத் தடுக்க அந்த மாநிலச் சட்டத்தில் வழியில்லை என்றதும் அவர் கூட்டத்தை ரத்து செய்தார். அவருடைய எல்லாக் கருத்தையும் நான் ஏற்கவில்லை. பயோனெட்டாவில் அவர் விளம்பரத்தைப் பார்த்த அளவுக்குக் கதையைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். ஆனால் ஒரு கேமைப் பற்றிப் பேசியதற்காக ஒரு பெண் உயிருக்குப் பயப்பட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

எனக்கு இந்தப் பாத்திரங்கள் ரொம்பப் பிடிக்கும். நான் பெண்ணியவாதி இல்லையா?

பிடிப்பது குற்றமில்லை. எனக்கும் பிடிக்கும். இந்த நாயகிகளைப் போல வேஷம் கட்டிக்கொண்டு ரசிகர் விழாவுக்குப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். அங்கே ஆடையைத் தேர்ந்தெடுப்பது உண்மையிலேயே ஒரு பெண். பிடித்ததைப் பிடித்ததாக வைத்துக்கொண்டே அதில் உறுத்துவதையும் சொல்லலாம், இரண்டில் ஒன்றை விட்டுத்தர வேண்டியதில்லை. நீங்கள் ஆணாக இருந்து இவர்களை ரசித்தாலும் இதே பதில்தான்.

காலம் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, ஆனால் நேர்கோட்டில் இல்லை. 2024இல் வந்த ‘ஸ்டெல்லர் பிளேட்’ கேமின் ஈவ் பழைய பாணியிலேயே வரையப்பட்டவள், நன்றாக விற்கவும் செய்தது. அதற்காக எல்லாம் பின்னோக்கிப் போய்விட்டதாக நான் நினைக்கவில்லை. காரணம் எண்ணிக்கை.

1991இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற சண்டை கேம் வந்தபோது தேர்ந்தெடுக்கக் கிடைத்த எட்டுப் பேரில் சுன்-லி ஒருத்திதான் பெண். அப்பாவின் சாவுக்கு நியாயம் தேடி வந்த போலீஸ்காரி, பருத்த தொடை, மின்னல் உதை. எட்டில் ஒருத்தி என்பதால் பெண் என்றாலே இப்படித்தான் என்று சொல்லும் பாரமும் அவள் தொடைமேலேயே விழுந்தது. அவள் உடையின் பிளவு ஒரு அங்குலம் கூடினாலும் அது எல்லாப் பெண்களைப் பற்றிய கருத்தாகிவிடும். 2023இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ பதினெட்டுப் பேரோடு வந்தது. அதில் ஏழு பேர் பெண்கள். மாரிசா ஆறடிக்கு மேல் வளர்ந்த, கட்டிடம் போன்ற உடம்புக்காரி, தொழில் நகை வடிவமைப்பு. மனோன் ஜூடோ வீராங்கனையும் ஃபேஷன் மாடலும். லில்லி குட்டைப் பெண். கிம்பர்லி நிஞ்சா. ஜூரி வெறிபிடித்தவள், கவர்ச்சியும் உண்டு, அது அவளுடையது. கேமி வழக்கமான பழைய உடையை விட்டுக் கால்சட்டைக்கு மாறியிருக்கிறாள். சுன்-லிக்கு இப்போது வயது ஏறியிருக்கிறது, சின்னவர்களுக்கு குங்ஃபூ கற்றுத்தருகிறாள். தொடை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது அது சுன்-லியின் தொடை மட்டும்தான்.